குலுங்காத கார்

மச்சான்,

நேற்றுக் காலை கிளிநொச்சிச் சந்தைக்கு எதிரே சில பழைய கார்கள் வரிசையாக வந்து நின்றன. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு உல்லாசமாக ஓட்டிப் போகிறவர்கள், தேநீர் குடிக்க இறங்கியிருந்தார்கள். அவற்றில் ஒன்று அமெரிக்கக் கார். நீண்ட மூக்கு, இரண்டே கதவு, பெரிய நீலக் கார். மருந்து வாங்க வந்த நான் மருந்தை மறந்துவிட்டு அதைச் சுற்றி வந்தேன். முன் சில்லுக்குப் பின்னால் குனிந்து பார்த்தபோது புது ரப்பரின் வாசம் முகத்தில் அடித்தது. வெயிலில் சூடேறிய, இன்னும் தேயாத ரப்பர். கொஞ்ச நேரம் எழும்ப முடியாமல் அப்படியே குந்தியிருந்தேன்.

கார்க்காரர் நல்ல மனிதர். "ஐயாவுக்குக் காரைப் பற்றித் தெரியுமோ?" என்று கேட்டுவிட்டு, தானும் பக்கத்தில் குந்தி ஒவ்வொன்றாகக் காட்டினார். ஸ்பிறிங்கை மாற்றி இறுக்கமானது போட்டிருக்கிறார். சொக் அப்சோபர் வெளிநாட்டிலிருந்து வந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் கார் சரியாமல் பிடிக்கத் தடித்த இரும்புத் தண்டு. "முந்தி வளைவில அப்பிடியே சாயும் ஐயா. இப்ப எந்த வேகத்தில திருப்பினாலும் றோட்டை விடாது."

"உள்ளுக்கு இருக்கிறவைக்குக் குத்தாதோ?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "குத்தும்தான். றோட்டு உடம்புக்குத் தெரிஞ்சால்தானே ஓடுறதில ஒரு சுகம்."

நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? றோட்டு உடம்புக்குத் தெரியக்கூடாது என்பதற்காக இரண்டு மனிதர்கள் வருடக்கணக்காகக் காரின் கீழ் கிடந்தார்கள் என்பதை அவருக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாய். கைகளை ஆட்டி, நடித்துக் காட்டி, தேநீர் ஆறும்வரை சொல்லியிருப்பாய். வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

எங்கள் கார் ஒரு பழைய ஒஸ்ரின். அதன் சொந்தக்காரர் குடும்பத்தோடு வெளிநாடு போகும்போது என்னிடம் விட்டுப் போனது. என் அப்பா மலையில் தேயிலைத் தோட்ட லொறி ஓட்டியவர். இனக்கலவரத்துக்குப் பிறகு நாங்கள் விசுவமடுவுக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியபோது எங்களோடு வந்த ஒரே சொத்து, ஸ்ரியறிங் பிடிக்கத் தெரிந்த கைகள்தான். நீ முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்தாய். சண்டையால் கரையை விட்டு எல்லோரும் எழும்பவேண்டி வந்த அந்த வருடம், வலைகளையும் ஒரு போட் மெசினையும் ட்ரக்டர் பெட்டியில் போட்டுக்கொண்டு, உன் மனைவி றீற்றாவோடு எங்கள் பக்கத்து வளவில் இறங்கினாய். கடல் இல்லாத ஊரில் வலையை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். "காய விடுவன்" என்றாய். அன்றைக்கே உன்னை எனக்குப் பிடித்துப்போயிற்று.

நான் மலைநாட்டுப் பேச்சில் "ஆமா" என்பேன். "ஓம் எண்டு சொல்லடா" என்று திருத்துவாய். காலம் போக நான் ஓம் என்று சொல்லப் பழகிவிட்டேன். நீயோ என்னைக் கேலி செய்வதற்காக ஆமா, ஆமா என்று சொல்லத் தொடங்கி, கடைசியில் அது உன் நாக்கில் ஒட்டிக்கொண்டது. றீற்றா தலையில் அடித்துக்கொள்வாள்.

எங்கள் பக்கத்துக்கு அரசாங்கம் பெற்றோல் வர விடாத காலம். சொட்டுப் பெற்றோலில் உயிர்கொடுத்து, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அம்புலன்ஸ் என்று சொல்ல எங்கள் பக்கத்தில் ஒன்றும் இல்லை. யாருக்காவது இழுக்கிறது, கொதிக்கிறது, வெட்டிவிட்டது என்றால் எங்கள் வேலிப் படலையில்தான் வந்து நிற்பார்கள். மெசின் பிடிவாதம் பிடிக்குமென்று நீயும் கூடவே ஏறிக்கொள்வாய். அப்படித்தான் நெடுங்கேணிப் பக்கம் போய் அந்தப் பெண்ணை ஏற்றினோம்.

நீ அவளை மறந்திருக்கமாட்டாய். முதல் பிள்ளை, நாள் வரமுன்னே இரத்தம் போகத் தொடங்கியிருந்தது. பின் ஆசனத்தில் தாயின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். காரின் பழைய சொந்தக்காரர் நெல்மூட்டை ஏற்றுவதற்காகப் பின் ஸ்பிறிங்கில் லொறித் தகடுகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார். ஆள் பாரத்துக்கு அது அசையாது. றோட்டில் ஒரு கல் ஏறினால் அந்தக் கல் நேரே முதுகெலும்புக்கு வரும். மழைக்கும் ட்ரக்டருக்கும் நொறுங்கிய றோட்டு. நான் எவ்வளவு விலத்தினாலும் ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்குத்தான் இறங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் கத்தினாள். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டுக் கும்பிட்டாள்.

"அண்ணா, என்னை இறக்கி விடுங்கோ. நான் நடந்து வாறன்."

பிள்ளை வழியிலேயே பிறந்தது. அழவில்லை. தாய் தப்பினாள். ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கிவிட்டு, கார் மட்காட்டில் சாய்ந்தபடி இரண்டுபேரும் நின்றோம். நீ பின் சில்லை உதைத்தாய். பலமாக இல்லை, மாட்டை எழுப்புவதுபோல.

"மச்சான், றோட்டை எங்களால திருத்தேலாது. இந்தச் சனியனைத் திருத்தலாம்."

அடுத்த நாளே பாலைமர நிழலில் காரைக் கட்டையில் ஏற்றினோம். லொறித் தகடுகளைக் கழற்றி எறிந்தோம். மிச்சத் தகடுகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால்தான் ஸ்பிறிங் வளையும் என்று நீதான் கண்டுபிடித்தாய். மணலால் தேய்த்துத் துருவை எடுத்தோம். கிறீஸ் எங்கேயும் இல்லை. வள்ளத்துக்குப் பூசவென்று நீ கொண்டுவந்த சுறா எண்ணெயில், செத்த ரோர்ச் பற்றரிக்குள் இருக்கும் கரிக்குச்சியை இடித்துக் குழைத்துப் பூசினோம். தகடுகளுக்கு நடுவே சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டி வைத்தோம். ஒரு மாதம் ஊர்ப் பூனைகளெல்லாம் காருக்குக் கீழேதான் படுத்தன. "மீன் வண்டி வருது" என்று சனம் சிரித்தது.

கார் மெத்தையாகிவிட்டது. ஆனால் நாங்கள் நினைக்காத ஒன்று நடந்தது. உருத்திரபுரத்துக்கு ஓடிப் பார்க்கப் போன அன்று, வாய்க்கால் வளைவில் திருப்பியதும் கார் ஒருபக்கமாகச் சரிந்தது. சரிந்தது நிமிராமல் மறுபக்கம் சாய்ந்தது. நான் பிறேக்கை மிதித்து வாய்க்கால் கட்டில் நிறுத்தினேன். உன் முகத்தில் மட்டும் பயமில்லை.

"வள்ளம் மாதிரி ஆடுது. எனக்கெண்டால் சுகமாத்தான் இருக்கு."

"ஏறுறவங்க வாந்தி எடுப்பாங்க" என்றேன்.

இறுக்கினால் குத்துகிறது. தளர்த்தினால் சாய்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் தேடி எத்தனை மாதம் அலைந்தோம்! காட்டோரம் எரிந்து கிடந்த ஒரு ஜீப்பின் முன்பக்கத்தில் வளைந்த இரும்புத் தண்டு ஒன்று இருந்ததை நீ கண்டாய். ஒரு பக்கச் சில்லு தூக்கினால் மற்றப் பக்கத்தையும் கூடத் தூக்கி, சரியவிடாமல் பிடிக்கும் தண்டு. கொல்லன் பட்டறையில் காய்ச்சி எங்கள் காரின் அளவுக்கு மடக்கினோம். அதைத் தாங்கும் ரப்பர்ப் புஷ்களை ட்ரக்டர் ரயரில் வெட்டினோம். வெட்டுவதற்கு முன் கத்தியைத் தண்ணீரில் நனைக்க வேண்டும் என்பது தெரியாமல் என் பெருவிரலை வெட்டிக்கொண்டேன். சொக் அப்சோபர்களில் எண்ணெய் ஒழுகி வறண்டிருந்தது. உன் போட் மெசினின் கியர் எண்ணெயை வடித்து ஊற்றினாய். தடிப்புக் கூடிவிட்டதென்று மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து கலந்து பார்த்தாய். அந்த மெசினைத்தானே கடலுக்குத் திரும்பும் நாளுக்கென்று சாக்கால் சுற்றி வைத்திருந்தாய். நான் வேண்டாம் என்றேன். "கடல் எங்கயும் போகாது" என்றாய்.

வலை உன் யோசனைதான். முன் இடது ஆசனத்தைக் கழற்றிவிட்டு, முன்னிருந்து பின்வரைக்கும் ஆள் நீட்டிப் படுக்கும் நீளத்துக்கு உன் பெரிய வலையை மடித்துப் பின்னினாய். நாலு மூலையிலும் லொறி ரியூப்பை முறுக்கிக் கட்டித் தொங்கவிட்டாய். சில்லு வாங்கும் அடியில் பாதியை ஸ்பிறிங் தின்னும், மிச்சத்தில் பாதியை ரியூப் தின்னும், மனிசனுக்கு வருவது கொஞ்சம்தான் என்றாய். சோதித்துப் பார்க்க றீற்றாவைப் படுக்கச் சொன்னாய். "நான் என்ன பாரை மீனே வலையில கிடக்க?" என்று அவள் மறுத்தாள். பிறகு அவளே ஏறிப் படுத்தாள். விசுவமடுச் சந்திவரை போய்த் திரும்பி வந்து பார்த்தால் நித்திரை. எழுப்ப மனமில்லாமல் நீ என்னை இன்னொரு சுற்று ஓடச் சொன்னாய். மண்ணெண்ணெய்க்கு நாய்போல அலைந்த காலத்தில், மனைவி நித்திரை கொள்வதற்காகக் கார் ஓட்டிய ஆள் நீ ஒருவன்தான்.

பிறகு எத்தனைபேரை ஏற்றினோம். தொடை முறிந்தவர்கள், குடல் சரிந்தவர்கள், இரட்டைப்பிள்ளைக்காரி. கால் போன ஒரு கிழவர், "இதிலயே விட்டுடுங்கோ தம்பியவை, கட்டில் வேண்டாம்" என்று ஆஸ்பத்திரி வாசலில் அடம்பிடித்தார். எங்களால் முடியாத நாட்களும் இருந்தன. மண்ணெண்ணெய் இல்லாமல் கார் பாலைமரத்தின் கீழ் நிற்கும். படலையில் ஆட்கள் நிற்பார்கள். இல்லை என்று நான் சொன்னால் அவர்கள் என்னை நம்பமாட்டார்கள், காரைப் பார்ப்பார்கள். அது அவ்வளவு நன்றாக நின்றது. நீ உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருப்பாய்.

கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் நிறைந்த மாரிகாலம் அது. மரத்தடியில் பள்ளிக்கூடம் நடந்தது. பிள்ளைகள் பதுங்கப் பங்கர் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கப் போனாய். ஈரத்தில் குற்றி வழுக்கி உன்மேல் விழுந்தது. நான் வந்து சேர்ந்தபோது குற்றியை அகற்றியிருந்தார்கள். நீ பங்கருக்குள் மல்லாந்து கிடந்தாய். சிரிக்கப் பார்த்தாய்.

"கால் எங்க கிடக்குதெண்டு தெரியேல்ல மச்சான்."

எங்கள் வலையில் உன்னைக் கிடத்தினோம். பள்ளிக்கூடமொன்றில் இயங்கிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டொக்டர் களைத்துப்போயிருந்தார். ஆனால் பொறுமையாகச் சொன்னார். முள்ளந்தண்டு நொறுங்கியிருக்கிறது, இங்கே ஒன்றும் செய்ய வழியில்லை, வவுனியாவுக்குப் போய் அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும். "ஆட்டக்கூடாது. ஒரு குலுக்கல்கூடக் கூடாது." பிறகு வாசலில் நின்ற காரைப் பார்த்தார். அவரும் அதை அறிந்தவர்தான். "அதில எண்டால் பயமில்லை" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நானும் றீற்றாவும் காத்திருந்தோம்.

வவுனியா இராணுவத்தின் பக்கம்; அங்கே போக அனுமதி வரவேண்டும். அனுமதி வந்தால் பாதை திறக்கவேண்டும். பாதை திறந்தால் அன்றைக்குச் சண்டை இருக்கக்கூடாது. நான் ஒவ்வொரு நாளும் போய் வரிசையில் நின்றேன். உனக்குக் காய்ச்சல் தொடங்கியது. படுக்கைப்புண் வந்தது. றீற்றா உன்னைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது நீ என்னை வெளியே போகச் சொல்வாய். வெளியே போய்க் காரைத் துடைப்பேன். அதைத் தவிர என் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

ஒருநாள் காலை அனுமதி வந்தது. உன்னையும் றீற்றாவையும் ஏற்றிக்கொண்டு நெடுங்கேணிப் பாதையால் புளியங்குளத்துக்கு வந்து, அங்கிருந்து ஓமந்தைப் பக்கம் இறங்கினேன். அவ்வளவு மெதுவாக நான் ஒருபோதும் ஓட்டியதில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன் காரை நிறுத்தி, ஒரு சில்லை இறக்கி, பிறகு மற்றதை இறக்கினேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய். நித்திரை என்று நினைத்தேன்.

"மச்சான், பின் இடது பக்கம் கடக்குக் கடக்கெண்டுது. புஷ் தேய்ஞ்சுபோச்சு."

"ஓம்" என்றேன்.

"ஆமா எண்டு சொல்லு." உன் உதடு வெடித்திருந்தது. "வந்த உடனே மாத்துவம்."

எல்லைக் கடவையில் காரை மறித்தார்கள். இதற்கு அப்பால் எங்கள் பக்க வாகனம் ஒன்றும் போகக்கூடாது. நோயாளியும் கூட ஒருவரும் மட்டும். அந்தப் பக்கத்திலிருந்து அம்புலன்ஸ் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வெயில் ஏறும்வரை பார்த்தோம். வந்தது ஒரு லொறி. மூட்டை ஏற்றும் லொறி, இரும்புத் தட்டு, பின்னால் இரட்டைச் சில்லு. அதன் ஸ்பிறிங்கைப் பார்த்தேன். தகட்டின்மேல் தகடு, நாங்கள் கழற்றி எறிந்த அதே தடிப்பு.

வலையோடு ஏற்ற விடுங்கோ என்று கேட்டேன். கேட்டேன் என்பதைவிடக் கெஞ்சினேன் என்பது சரி. எங்கள் பக்கக் காவலில் நின்றவர் வயதில் என் தம்பியைப் போன்றவர். வலையையும் ரியூப்பையும் தொட்டுப் பார்த்தார். "அண்ணை, சாமான் ஒண்டும் கொண்டுபோகேலாது. நான் விட்டாலும் அங்க விடமாட்டினம்." அவருக்கும் விளங்கியது. விளங்கி என்ன. மூன்றுபேர் சேர்ந்து உன்னைப் பாயோடு தூக்கி இரும்பில் வைத்தார்கள். றீற்றா தன் உடுப்புப் பையைப் பிரித்து, இருந்த சீலைகளையெல்லாம் உன் இடுப்புக்குக் கீழே திணித்தாள். உன் கை என் சட்டையைப் பிடித்திருந்தது.

"மெல்லமாப் போகச் சொல்லு மச்சான். அவரிட்டச் சொல்லு, மெல்லமா..."

சாரதி மற்றப் பக்கத்தில் ஏறிவிட்டார். லொறியைச் சுற்றி ஓடினேன். எல்லைக் கோட்டைத் தாண்ட விடாமல் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கத்தினேன். மெசின் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் அவருக்கு என் மொழி தெரியுமோ என்னவோ. ஷெல் விழுந்து குழிபறிந்த றோட்டு அது. முதல் குழியில் லொறியின் பின்பக்கம் எழும்பி விழுந்ததைக் கண்டேன். றீற்றா உன்மேல் குனிந்து இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தாள். இரண்டாவதையும் கண்டேன். பிறகு புழுதிதான். அவ்வளவு காலமும் நாம் செய்த வேலை முழுவதும் அந்தக் கோட்டோடு முடிந்துபோனது.

திரும்பி வரும் வழியில், புளியங்குளம் தாண்டி ஒரு மனிதர் றோட்டின் நடுவில் நின்று கையைக் காட்டினார். மனைவிக்கு வயிற்றுக்குள் ஏதோ வெடித்துவிட்டது என்றார். நான் கதவைத் திறந்தேன். வலையில் இன்னும் உன் போர்வை கிடந்தது. அதை மடித்து ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு அவளைக் கிடத்தினோம். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது, "ஒரு குலுக்கலும் தெரியேல்ல அண்ணை" என்று அவள் சொன்னாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவள் பயந்துபோனாள்.

நீ வவுனியாவில் செத்துப்போனாய் என்ற செய்தி, பாதை மூடித் திறந்து, ஆளுக்கு ஆள் மாறி, ஒரு மரக்கறி வியாபாரியின் வாயால் எனக்கு வந்தது. புதைத்து எவ்வளவோ நாளாகியிருந்தது. போக அனுமதி கேட்டேன். இரத்த உறவோ என்று கேட்டார்கள்.

சமாதானம் வந்து பாதை திறந்தபோது போனேன். றீற்றா வவுனியாவில் ஒரு தையற்கடையில் வேலை செய்தாள். இரண்டுபேரும் உன்னிடம் வந்தோம். தேவாலயத்துக்குப் பின்னால், சிலுவையில் பெயர் அழிந்துகொண்டிருந்தது. காய்ச்சல் இரத்தத்தில் ஏறிவிட்டது என்று டொக்டர் சொன்னாராம். பிந்திவிட்டது என்றும் சொன்னாராம். றோட்டாலா, காய்ச்சலாலா, காத்திருந்த நாட்களாலா என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. அந்த லொறிக்குள் என்ன நடந்தது என்று நான் அவளிடம் கேட்கவில்லை. அவள் தேநீர் ஊற்றித் தந்தாள். "கார் இன்னும் நிக்குதோ?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கு நின்றது. பிறகு கடைசிச் சண்டையில் வந்த பெரிய ஓட்டத்தில், றோட்டு நிறையச் சனமும் மாடும் ட்ரக்டருமாக நெரிந்த இடத்தில், அதையும் விட்டுவிட்டு நடக்க வேண்டியதாயிற்று.

இப்போது எல்லா இடமும் வழுவழுப்பான காப்பற் றோட்டு. போன கிழமை பேரப்பிள்ளையின் பூப்புனித நீராட்டுக்கு வேன் பிடித்துப் போனோம். ஓமந்தை தாண்டியதும் என் வாய் தானாகவே, "தம்பி, மெல்லமாப் போங்கோ" என்றது. கொஞ்சத் தூரம் போனதும் மறுபடியும் சொன்னேன். சாரதி கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தான்.

"ஐயா, நாப்பதிலதான் போறன். றோட்டிலயும் ஒண்டுமில்லையே."

என் மனைவி அவனுக்குக் கண்ணைக் காட்டினாள். எந்த வாகனத்தில் ஏறினாலும் இதுதான் நடக்கிறது, மச்சான். யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவருக்குச் சொல்ல முடியாமல் போன ஒரு வார்த்தை. நீ என்னிடம் தந்துவிட்ட கடைசிச் சொல் அது. காணும் சாரதிமாரிடமெல்லாம் அதைச் சொல்லிப் பார்க்கிறேன். அவர்கள் நல்ல பிள்ளைகள். சிரித்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கிறார்கள்.